எரிக்கப்படும் பொருள்

ஜனவரி 9

அன்புத் தங்கைக்கு அண்ணன் எழுதுவது.

இங்கே நானும் உன் அண்ணியும் சுகமாக இருக்கிறோம். உன் மூட்டு வலி குறைந்ததா என்று அண்ணி கேட்கச் சொன்னாள். என் காது மட்டும் போன வருடம் இருந்த இடத்திலிருந்து இன்னும் ஒரு படி இறங்கிவிட்டது. பட்டறையில் இழைப்பு மெஷின் ஓடுகிறதா, நின்றுவிட்டதா என்பதை இப்போது மேசை மேல் உள்ளங்கையை வைத்துத்தான் தெரிந்துகொள்கிறேன். அதனால் போன் செய்யாதே. போன தடவை நீ அரை மணி நேரம் பேசியதில் எனக்குக் கேட்டது "அண்ணா" ஒன்றுதான்.

ஒரு விஷயம் தெரிய வேண்டும். நீ தீயணைப்பு நிலையத்தில் எரிப்பு அனுமதிச் சீட்டு கொடுக்கும் கவுண்டரில்தானே இருக்கிறாய்? நம் வீட்டுக் கொல்லையில் கொஞ்சம் பழைய சாமான் எரிக்க வேண்டும். முன்பெல்லாம் ஒரு குச்சியைக் கிழித்துப் போட்டால் முடிந்தது. இப்போது விதி வந்துவிட்டது என்கிறார்கள். உங்கள் ஊர் விதிதான் எங்கள் ஊருக்கும் என்று பட்டறை முதலாளி சொன்னார். என்ன விதி, எத்தனை விதி என்று எழுது. அவசரமில்லை.

உன் இரண்டு பெட்டியும் எப்படி இருக்கின்றன?

அண்ணன்

ஜனவரி 17

அன்புள்ள அண்ணாவுக்கு,

உன் கடிதம் வந்த அன்றைக்கு மூட்டு வலி பாதி போய்விட்டது. அண்ணியிடம் சொல். சாப்பாடு, தூக்கம், வேலை எல்லாம் நன்றாகவே ஓடுகிறது.

நீ என்னிடம் விதி கேட்டு எழுதியதை மூன்று தடவை படித்தேன். சின்ன வயதில் நான் எதைச் சொன்னாலும் "போடி விதிப்புத்தகம்" என்பாய். இப்போது பார், வரிசையில் வந்து நிற்கிறாய்.

முதலில் சீட்டு வாங்க வேண்டும். காலை எட்டு மணியிலிருந்து மாலை நாலு வரைதான் எரிக்கலாம். கட்டடத்திலிருந்து பதினைந்து மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். பக்கத்தில் தண்ணீர்க் குழாய், ஒரு மண்வெட்டி. கொடியில் ஒரு துணியைக் காயப்போடு, அது ஆடினால் அன்றைக்கு எரிக்கக் கூடாது. சாம்பல் ஆறும்வரை பெரியவர்கள் இரண்டு பேர் அந்த இடத்தை விட்டு நகரக் கூடாது. இலை, சருகு, கிளை, வெறும் மரம், இவை சரி. குப்பை, ரப்பர், மெத்தை, துணி கூடாது. போன வாரம் ஒருவர் சோபாவை எரிக்கச் சீட்டு கேட்டார். ஏன் என்றேன். மாமனார் வந்தால் அதிலேயே உட்கார்ந்துவிடுகிறார், எழுந்திருப்பதில்லை என்றார். கொடுக்கவில்லை.

விண்ணப்பத்தில் "எரிக்கப்படும் பொருள்" என்று ஒரு கட்டம் இருக்கும். அதை மட்டும் காலியாக விட்டுவிடாதே. எனக்குப் பிடித்த கட்டமே அதுதான். பழைய சாமான் என்றால் என்ன சாமான்? எழுது.

பெட்டிகளுக்கு என்ன, ராஜ வாழ்க்கை. பின்பக்கச் சுவரோரம் காலையில் வெயில் விழுந்ததும் இரண்டு வாசலிலும் போக்குவரத்து தொடங்கிவிடும். நான் காபியோடு போய் உட்கார்ந்துவிடுவேன். எங்கள் நிலையத்து ஓட்டுநர் ஒருநாள் பார்க்க வந்தார். எரிகிற மூன்றாவது மாடிக்குள் நுழைந்த மனுஷன், ஒரே ஒரு தேனீ காதோரம் போனதற்குத் தெருமுனை வரை ஓடினார்.

அன்புடன் தங்கை

பிப்ரவரி 2

அன்புத் தங்கைக்கு,

கடிதம் கிடைத்தது. இருவரும் நலம்தான். அண்ணிக்குச் சளி பிடித்து விட்டுவிட்டது.

மரச் சாமான்தான். மரத்தில் மெழுகு ஏறியிருந்தால் எரிக்கலாமா? வெளிப்பக்கம் மட்டும் பெயிண்ட் அடித்திருந்தால்? தரையில் வைத்து எரிக்க வேண்டுமா, குழி வெட்டி எரித்து மண்ணைப் போட்டு மூடிவிடலாமா? குழி என்றால் எத்தனை ஆழம்?

உடம்பைப் பார்த்துக்கொள்.

அண்ணன்

பிப்ரவரி 10

அன்புள்ள அண்ணாவுக்கு,

நான் சௌக்கியம். அண்ணியை வெந்நீர் குடிக்கச் சொல்.

மெழுகு, எண்ணெய், பெயிண்ட் ஏறிய மரத்துக்குச் சாதாரணச் சீட்டு போதாது. நிலைய அதிகாரி தனியாகக் கையெழுத்துப் போட வேண்டும். குழி தாராளமாக வெட்டலாம், முழங்கால் ஆழம் போதும், மண் போட்டு மூடுவது இன்னும் நல்லது.

இப்போது என் கேள்விக்கு வருகிறேன். மெழுகு ஏறிய, வெளியே பெயிண்ட் அடித்த, மண்ணுக்குள் மூட வேண்டிய மரச் சாமான் நம் வீட்டில் என்ன இருக்கிறது? ஒரு வாரமாக மண்டைக்குள் வண்டு குடைகிறது. அப்பாவின் சாய்வு நாற்காலியா? அதை மெழுகு போட்டுத்தான் துடைப்பார். கடைசி மாதம் முழுக்க அதில்தானே படுத்திருந்தார். அண்ணா, அதைப் பார்க்கப் பார்க்க உனக்கு மனசு கஷ்டப்படுகிறது என்றால் எரிக்காதே, எனக்கு லாரியில் ஏற்றிவிடு. என்னவரின் சட்டைகளை நான் எத்தனை மாதம் பீரோவில் வைத்துப் பூட்டியிருந்தேன் என்று உனக்குத் தெரியும். உன்னிடம் நான் ஒளிக்கவில்லையே. நீயும் ஒளிக்காதே.

இன்னொன்று. இடதுபக்கப் பெட்டி கொஞ்சம் மந்தமாக இருக்கிறது. வாசலில் கூட்டம் குறைந்த மாதிரி தோன்றுகிறது. குளிர் காரணமாக இருக்குமோ? நீ என்ன நினைக்கிறாய்?

அன்புடன் தங்கை

மார்ச் 21

அன்புத் தங்கைக்கு,

பதில் எழுத ஆறு வாரம் ஆகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதே. பட்டறையில் வேலை அதிகம். நாங்கள் நலம். சாய்வு நாற்காலி இருந்த இடத்தில் இருக்கிறது, உன் அண்ணி அதில் உட்கார்ந்து பூசணி விதை உரித்துக்கொண்டிருக்கிறாள்.

நாலு மணிக்கு மேல் எரிக்கவே முடியாதா? ஐந்தரை, ஆறு மணிக்குத் தொடங்கினால்? பொழுது சாயும் நேரம்தான் எனக்குத் தோதாக இருக்கும். அதற்கு ஏதாவது வழி இருக்கிறதா என்று பார்.

இடதுபக்கப் பெட்டியை அடிக்கடி திறக்காதே. திறந்தால் அடுத்த பெட்டியைத் தொடுவதற்கு முன் சோப்புப் போட்டுக் கையைக் கழுவு. அதிலிருந்து எதையும் யாருக்கும் கொடுக்க வேண்டாம்.

அண்ணன்

மார்ச் 29

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலமாக இருக்கிறேன், கோபமாகவும் இருக்கிறேன்.

நாலு மணிக்கு மேல் கிடையாது. பதினோரு வருடமாக இந்தக் கவுண்டரில் உட்கார்ந்திருக்கிறேன், ஒருவருக்கும் கொடுத்ததில்லை. எங்கள் அதிகாரியின் மச்சான் வந்து தலைகீழாக நின்று பார்த்தார். சாயங்காலம் காற்று திசை மாறும், இருட்டில் பொறி எங்கே போய் விழுந்தது என்று தெரியாது. அதற்காகத்தான் அந்த விதி. சொந்த அண்ணனுக்காக மாற்றினால் நாளைக்கு அந்தச் சோபாக்காரர் முகத்தில் நான் எப்படி விழிப்பது?

பொழுது சாயும் நேரத்தில் மட்டுமே எரிக்க முடிகிற சாமான் எது? ஒரு தாளில் பட்டியல் போட்டேன். கட்டில், கதவு, மாட்டு வண்டிச் சக்கரம், நீ யாருக்கோ எழுதிப் போடாமல் வைத்த காதல் கடிதப் பெட்டி. கடைசியை அண்ணி படிக்காமல் பார்த்துக்கொள்.

கையைக் கழுவு என்கிறாய், காரணம் சொல்ல மாட்டேன் என்கிறாய். யாருக்கும் எதுவும் கொடுக்காதே என்றால் அது முடியாத காரியம், அண்ணா. பக்கத்து வீட்டு டீச்சர் ரிட்டயர் ஆனதிலிருந்து என்னைப் போலவே ஒரு பெட்டி வைக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறார். மெலிந்த பெட்டியிலிருந்து இரண்டு தேனடைச் சட்டத்தை ஈக்களோடு எடுத்துக் கொடுத்து, புதுச் சூழலில் அவை தேறுமா என்று பார்க்கலாம் என்றிருக்கிறேன். ஏப்ரல் இரண்டாம் ஞாயிறு என்று நாள் குறித்தாயிற்று. அவர் தலைக்கு வலை தைத்து, போட்டுக்கொண்டு வந்து காட்டினார். அவரைப் பார்க்கும்போது, நீ பெட்டி அனுப்பிய புதிதில் நான் எப்படி இருந்தேன் என்று ஞாபகம் வந்தது.

அன்புடன் தங்கை

ஏப்ரல் 4

அன்பு நாத்தனாருக்கு அண்ணி எழுதுவது.

நாங்கள் உடம்பால் நன்றாக இருக்கிறோம். உன் கடிதம் ஒன்றாம் தேதியே வந்துவிட்டது. உன் அண்ணன் படித்துவிட்டுப் பட்டறைக்குப் போய்விட்டார். பேனாவும் தாளும் மேசையில் அப்படியே கிடக்கின்றன. அவர் எழுத மாட்டார், அதனால் நான் எழுதுகிறேன். முதலில் இதைப் படி: டீச்சருக்கு எதையும் கொடுக்காதே.

எங்கள் பெட்டிகளில் புழு அழுகல் நோய் வந்துவிட்டது. அடைக்குள் மூடிய அறையில் புழு செத்து, பசை போல் ஆகிவிடுகிறது. மருந்தில்லை, பெட்டியோடு எரித்துப் புதைக்க வேண்டும். உன் அண்ணனுக்கு ஜனவரியிலேயே சந்தேகம். ஒரு பெட்டிதான், தேறிவிடும் என்று நம்பிக்கொண்டிருந்தார். மார்ச்சில் பூச்சித்துறை ஆய்வாளர் வந்து எங்கள் ஏழு பெட்டிகளையும் பார்த்து, ஏழும் போச்சு என்று சொல்லிவிட்டார்.

நேற்றைக்கு முன்தினம் எரித்தார். இங்கே உள்ள கவுண்டரில் "பழைய மரச் சாமான்" என்று எழுதிச் சீட்டு வாங்கினார். நாலு மணிக்கு மேல் கூடாது என்று விதி சொல்கிறதல்லவா, காலை பத்து மணிக்கே குழியில் அடுக்கித் தீ வைத்துவிட்டார். வெயிலில் மேயப் போன ஈக்கள் பதினொரு மணியிலிருந்து திரும்பி வர ஆரம்பித்தன. பெட்டி இருந்த உயரத்துக்கு வந்து, வெறும் காற்றில் நின்று தேடின. பிறகு அவர் சட்டையிலும் கையிலும் வந்து உட்கார்ந்தன, கொட்டவில்லை. மிச்சம் எல்லாம் பக்கத்துத் தோட்டக்காரரின் பெட்டிகளுக்குள் போய் ஒண்டிக்கொண்டன. நோயையும் கொண்டுபோயிருக்கும். பொழுது சாய்ந்து எல்லாம் கூட்டுக்குள் அடைந்த பிறகு எரித்திருந்தால் இது நடந்திருக்காது. அதற்குத்தான் உன்னிடம் ஆறு மணி கேட்டார்.

உன் பெட்டிகளையும் இங்கிருந்துதானே அனுப்பினோம். அதை உன்னிடம் எப்படிச் சொல்வது என்றுதான் மூன்று மாதமாக மென்று விழுங்கிக்கொண்டிருக்கிறார். நேற்று நான் சத்தம் போட்டதும் சொன்னார்: "அவ எந்திரிச்சு உக்காந்ததே அந்த ரெண்டு பெட்டியாலதான். அதைக் கொளுத்துன்னு நான் எப்படி எழுதுவேன்?"

ஒரு தீக்குச்சியை எடுத்து, அமுங்கிப்போன மூடி உள்ள அறையில் குத்தி, மெதுவாக வெளியே இழு. பழுப்பாக நூல் மாதிரி நீண்டு வந்தால் நோய். வராவிட்டால் இல்லை. இரண்டு பெட்டிக்கும் தனித்தனிக் குச்சி. பார்த்துவிட்டு எழுது.

அண்ணி

ஏப்ரல் 8

அண்ணாவுக்கு,

நலம் விசாரிக்க இன்றைக்கு மனமில்லை. அண்ணியின் கடிதம் சனிக்கிழமை வந்தது. ஞாயிறு காலையில் பார்த்தேன். இடதுபக்கப் பெட்டியில் நூல் வந்தது. ஒரு விரல் நீளத்துக்கு வந்து அறுந்தது. வலதுபக்கத்தில் வரவில்லை. நாலு அறையில் குத்திப் பார்த்தேன், தண்ணீராகத்தான் இருந்தது.

டீச்சரிடம் சொன்னேன். அவர் வலையைக் கழற்றி மடித்து வைத்துக்கொண்டார். இன்னும் ஒரு வாரம் போயிருந்தால் அவர் வீட்டுக்கும் நானே கொண்டுபோய்க் கொடுத்திருப்பேன்.

உனக்கு ஒன்று சொல்கிறேன், கேள். எங்கள் புத்தகத்தில் பதினாலாவது விதி என்று ஒன்று இருக்கிறது. நோய் பரவாமல் தடுப்பதற்காக எரிப்பவற்றுக்கு நேரக் கட்டுப்பாடு பொருந்தாது, மெழுகு, பெயிண்ட் தடையும் பொருந்தாது. நிலையத்து ஆட்களில் ஒருவரே வந்து நிற்பார். வருடத்துக்கு ஒருமுறை செத்த கோழிகளுக்காக யாராவது கேட்பார்கள், அவ்வளவுதான். அந்தக் கட்டத்தில் நீ "தேனீ" என்று ஒரு வார்த்தை எழுதியிருந்தால் உனக்கு ஆறு மணி கிடைத்திருக்கும். ஒரே ஒரு வார்த்தை.

என்னையும் விட்டுவிடவில்லை. நீ மரம் என்று கேட்டாய், நான் மரம் என்று பதில் சொன்னேன். பொழுது சாயும் நேரம் என்று கேட்டபோதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். தினமும் சாயங்காலம் அவை வீடு திரும்புவதை உட்கார்ந்து பார்க்கிறவள் நான். வேடிக்கையாகப் பட்டியல் போட்டேன், அதில் இது ஒன்றைத் தவிர எல்லாம் இருந்தது. இரண்டு நாளாக அதை நினைத்து அழுகிறேன்.

என் பெட்டி உடைந்துபோகும் என்று பயந்தாயா, நான் உடைந்துபோவேன் என்று பயந்தாயா? நான் உடைய மாட்டேன். அது எப்படி வந்தது என்று மட்டும் சொல். எனக்குத் தெரிந்தாக வேண்டும்.

தங்கை

ஏப்ரல் 13

அன்புத் தங்கைக்கு,

உன் கடிதத்தைப் பட்டறையில் மரத்தூள் மேல் உட்கார்ந்து படித்தேன். நீ திட்டியது எல்லாம் சரி.

எப்படி வந்தது என்று கேட்டாய். இரண்டு வருடத்துக்கு முன் ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு பாழடைந்த ஷெட்டை இடிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு மரம் பார்க்கப் போனேன். மூலையில் பழைய அடைச் சட்டங்கள் ஒரு கட்டு கிடந்தன. யாரோ ஈ வளர்த்து விட்டுவிட்டுப் போனது. ஏன் விட்டுவிட்டுப் போனான் என்று நான் யோசித்திருக்க வேண்டும். நான் பார்த்ததெல்லாம் சட்டத்து மூலைகளில் மரம் சேரும் மூட்டுகளைத்தான். ஆணி இல்லை, பசை இல்லை, பல்லுக்குப் பல் கோத்து, முப்பது வருடம் ஆகியும் மயிரிழை விலகவில்லை. அந்த மாதிரி மூட்டு நானே போட்டதில்லை. எரித்துவிடு என்று கூட வந்தவன் சொன்னான். இந்த வேலையை எரிக்க எனக்குக் கை வருமா? வீட்டுக்குக் கொண்டுவந்து துடைத்து என் பெட்டிகளில் போட்டேன். அதில் அழகானதாக நாலு பொறுக்கி உனக்கு அனுப்பியவற்றில் ஒரு பெட்டியில் வைத்தேன். நோய் மரத்தில் நாற்பது வருடம் கூட உயிரோடு இருக்குமாம். ஆய்வாளர் சொன்னார்.

அன்றைக்கு ஏழு பெட்டியும் எரிந்த பிறகு திரும்பி வந்தவை என் கையில் உட்கார்ந்தபோது எனக்கு இரைச்சல் கேட்கவில்லை. ஆனால் தோலில் அதிர்ந்தது. மெஷினுக்குக் கை வைத்துப் பார்ப்பது போல. அது இன்னும் கையை விட்டுப் போகவில்லை.

தோட்டக்காரரிடம் அன்றைக்கே போய்ச் சொல்லிவிட்டேன். நன்றாகத் திட்டினார். காது கேட்காததால் பாதிதான் விழுந்தது, அந்தப் பாதியே போதும். அவரிடம் சொல்ல முடிந்தது, உன்னிடம் முடியவில்லை. உன்னவர் போன பிறகு நாலு மாதம் நீ ஜன்னலைக் கூடத் திறக்கவில்லை. அந்த ஜன்னலைத் திறக்க வைத்ததையே நான் நோயோடு அனுப்பியிருக்கிறேன். இதை எழுத எனக்கு வார்த்தை இல்லை, அதனால் மரம் என்றும் மெழுகு என்றும் எழுதிக்கொண்டிருந்தேன்.

பதினெட்டாம் தேதி காலை பஸ்ஸில் வருகிறேன். இரண்டு பெரியவர்கள் நிற்க வேண்டும் என்று எழுதினாயே, இரண்டாவது ஆளாக என்னைப் போட்டுக்கொள்.

அண்ணன்

மே 31

அன்புள்ள அண்ணாவுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். நீயும் அண்ணியும் நன்றாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். தோட்டக்காரரின் பெட்டிகள் தப்பித்தனவா? அதை முதலில் எழுது.

நீ ஊருக்குப் போன மறுநாள் அந்தச் சீட்டை ஃபைலில் போட எடுத்தேன். விண்ணப்பதாரர் இடத்தில் என் கையெழுத்து, வழங்குபவர் இடத்திலும் என் கையெழுத்து. இது செல்லாது என்று அதிகாரி தலையைச் சொறிந்துகொண்டே மேலே தன் கையெழுத்தைப் போட்டார். எரிக்கப்படும் பொருள் என்ற கட்டத்தில் "தேனீப் பெட்டி ஒன்று, ஈக்களுடன், என் அண்ணன் செய்தது" என்று எழுதியிருக்கிறேன். கட்டத்தில் இடம் போதாமல் ஓரத்துக்குப் போய்விட்டது. நேரம்: மாலை ஆறு ஐந்து. பதினோரு வருடத்தில் நான் எழுதிய முதல் மாலை நேரம் அதுதான்.

ஒன்று சொல்லாமல் வைத்திருந்தேன். கடைசி ஈயும் உள்ளே போனதும் நீ வாசலில் கட்டையைச் செருகி, எரிக்கும் முன்பே ஈக்கள் அடங்கிவிடட்டும் என்று சோப்புத் தண்ணீரை ஊற்றிவிட்டு, பெட்டி மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றாயே. ரொம்ப நேரம் நின்றாய். ஓட்டுநர் என்னிடம், "என்னம்மா பார்க்கிறாரு?" என்று கேட்டார். ஓடிக்கொண்டிருக்கிறதா, நின்றுவிட்டதா என்று பார்க்கிறார் என்றேன். நீ கையை எடுத்த பிறகுதான் தீக்குச்சியைக் கொடுத்தேன். அந்த நாலு சட்டத்தையும் ஒவ்வொன்றாகக் கட்டைவிரலால் தடவிவிட்டு நீயே குழிக்குள் வைத்ததையும் பார்த்தேன். ஒன்றையாவது ஒளித்து எடுத்துக்கொண்டு போவாய் என்று உன் பையைக் கண்காணித்துக்கொண்டிருந்தேன், மன்னித்துவிடு. பழக்கதோஷம்.

கவுண்டரில் இப்போது ஒரு மாற்றம் செய்திருக்கிறேன். மரம் என்று யாராவது சொன்னால், என்ன மரம், எதுவாக இருந்த மரம் என்று கேட்கிறேன். வரிசை நீள்கிறது, முணுமுணுக்கிறார்கள். நேற்று ஒருவர் "கதவு" என்றார். எந்தக் கதவு என்றேன். பத்து நிமிடம் பேசினார். கடைசியில் எரிக்கவில்லை, எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

ஆய்வாளர் சொன்னபடி ஆறு வாரம் காத்திருந்து, இன்று காலை வலதுபக்கப் பெட்டியைத் திறந்தேன். டீச்சர் வலையைப் போட்டுக்கொண்டு எனக்குப் பின்னால் நின்றார். பத்து அறையில் குத்திப் பார்த்தேன். நூல் வரவில்லை. இந்த வருடம் முழுக்க அதிலிருந்து யாருக்கும் எதுவும் கொடுக்கப் போவதில்லை. அடுத்த வருடமும் இதே மாதிரி இருந்தால் அந்தக் கூட்டம் பிரியும்போது, பிரிந்து வருவதில் ஒரு பாதி டீச்சருக்கு, ஒரு பாதி உனக்கு. புது மரத்தில் இரண்டு பெட்டி செய்துவை. மூலை மூட்டுகளை நீயே போடு, எப்படி வருகிறது என்று பார்க்கலாம்.

உறைக்குள் ஒரு தீக்குச்சி வைத்திருக்கிறேன். பத்தாவது அறையில் குத்தியது. நுனியை வெளிச்சத்தில் பிடித்து, நன்றாகப் பார். பார்த்துவிட்டு எரித்துவிடு. அதற்குச் சீட்டு வேண்டாம்.

அன்புடன் தங்கை